தேக்கடி காட்டுக்குள் ஒரு நாள்: பட்டை உரித்தவர்களே பாதை காட்டுவது எப்படி?

காலை ஏழரை மணி. தேக்கடி ஏரியின் மேல் பனி இன்னும் விலகவில்லை. படகுத்துறையில் ஒரு நாட்டுக் குரங்கு யாருடைய பையில் பிஸ்கட் இருக்கிறது என்று நோட்டம் விட்டுக்கொண்டிருக்கிறது. அருகே பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து, முழங்கால் வரை நீளும் கித்தான் துணி உறையைக் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அட்டை ஏறாமல் இருப்பதற்கான உறை அது.

அந்தப் பத்துப் பேரில் ஒரு தம்பதி. இருவருக்கும் சென்னையில் மென்பொருள் நிறுவன வேலை. கணவரின் கழுத்தில் புதிதாக வாங்கிய நீண்ட லென்ஸ் கேமரா. அவர் மனதில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: புலி. மனைவிக்குச் சொந்த ஊர் சின்னமனூர். இங்கிருந்து மலை இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அம்மா வீடு. சின்ன வயதில் ஐயப்ப சீசனில் குமுளி வரை வந்து சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பியதோடு சரி, செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போனதில்லை.

“புலி பார்க்க முடியுமாண்ணே?” என்று கணவர் கேட்க, வழிகாட்டி சிரிக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்.

“புலி நம்மளப் பார்க்கும் சார். நாம பார்க்குறது அதோட இஷ்டம்.”

பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூங்கில் தெப்பமும் காட்டு நடையும் சேர்ந்த முழுநாள் பயணம் இப்படித்தான் தொடங்குகிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஐந்து ஆகும். பெரும்பாலான புலிகள் காப்பகங்களில் ஜீப்பை விட்டு இறங்கவே அனுமதி கிடையாது. இங்கே மட்டும் எப்படி நடக்க விடுகிறார்கள்? முன்னால் நடக்கும் இந்த வழிகாட்டிகள் யார்? நாம் கட்டும் பணம் எங்கே போகிறது? அந்தத் தம்பதியோடு சேர்ந்து நடந்தபடியே பார்க்கலாம்.

எந்த இடம் வரை நடக்கலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று மூன்று பெயர்களும் தேக்கடிக்குச் சொல்லப்படுகின்றன. மூன்றும் சரிதான். 1950இல் இது பெரியாறு வன உயிரினச் சரணாலயம் ஆனது. 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1982இல் அதன் நடுப்பகுதியில் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் கூடுதல் காடுகள் சேர்க்கப்பட்டு, இன்று காப்பகத்தின் மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

இந்த மொத்தப் பரப்பிலும் நாம் நடக்க முடியாது. தேசியப் பூங்கா என்று வரையறுத்த மையக் காடு சுற்றுலாவுக்கு மூடப்பட்டது. ஏரியை ஒட்டிச் சுமார் 50 சதுர கிலோமீட்டர்தான் சுற்றுலா மண்டலம் என்று பிரிக்கப்பட்டது. படகு, நடை, தெப்பம் எல்லாம் அதற்குள்ளேதான். விலங்குகளுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது என்பதுதான் நமக்கு லாபம். மையக் காட்டில் இருக்கும் யானையும் கடமானும் தண்ணீர் குடிக்க இதே ஏரிக்குத்தான் வருகின்றன.

அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ நுழைவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கெடுபிடி எதற்கு என்று தேனி மாவட்டத்துக்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போன இளைஞர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வார இறுதிக்குக் கிளம்பிப் போனவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில், வனத்துறையின் மேற்பார்வையில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. காட்டை நன்கு அறிந்த உள்ளூர் ஆள் துணையில்லாமல் காட்டில் கால் வைக்கக் கூடாது என்பது குரங்கணியிலிருந்து கற்ற பாடம். தேக்கடியில் அந்த ஏற்பாடு அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

வரிசை, நிறம், வாய்

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிட விளக்கம். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், நடுவில் பயணிகள். கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அந்தத் துப்பாக்கி விலங்கைச் சுடுவதற்கு இல்லை. நிலைமை கைமீறினால் வானத்தை நோக்கிச் சுட்டு மிரட்டுவதற்காக.

சிவப்பு, மஞ்சள், வெள்ளை உடைகள் கூடாது. சென்ட் கூடாது. செல்போன் சத்தம் அறவே கூடாது. வரிசையை விட்டு விலகக் கூடாது. “கையத் தூக்கினேன்னா அப்படியே நின்னுடணும். ஏன், எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்” என்கிறார் வழிகாட்டி.

கணவர் அணிந்திருந்த ஆரஞ்சு நிற மழைக்கோட்டு பைக்குள் போகிறது. மனைவியின் கைக்குட்டைப் பொட்டலத்திலிருந்து மூக்குப் பொடி வெளியே வருகிறது. பாட்டி கொடுத்து அனுப்பியதாம், அட்டைக்கு. வழிகாட்டிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு. “எந்த ஊரு தங்கச்சி?” சின்னமனூர் என்றதும், அதுவரை ‘மேடம்’ என்று இருந்த பேச்சு அத்தோடு ‘தங்கச்சி’ ஆகிவிட்டது.

காட்டை முதலில் காதால் பார்க்க வேண்டும்

முதல் அரை மணி நேரத்தில் கேமராவுக்கு வேலையே இல்லை. பெரிய மரங்கள், ஈர இலை, ஷூவில் ஏறத் துடிக்கும் அட்டைகள். கணவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிகிறது.

வழிகாட்டி நின்று ஒரு மரத்தைக் காட்டுகிறார். வழவழப்பான பட்டை கொண்ட வெண்தேக்கு. ஆள் உயரத்துக்கு மேல் நீளநீளமாகக் கீறல்கள். புலி தன் எல்லையைக் குறித்துவைத்த இடம். சற்றுத் தள்ளிப் பாதையிலேயே காய்ந்த எச்சம், அதில் மயிர்க்கற்றை. கடமான் மயிர் என்கிறார். சில நாள்களுக்கு முன் ஒரு புலி இதே வழியில் நடந்துபோயிருக்கிறது. மனிதர்கள் போட்ட பாதை என்றாலும், சுலபமான வழி என்றால் புலியும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

புலியை ஏன் இவ்வளவு அரிதாகப் பார்க்கிறோம் என்பதற்குக் கணக்கே போதும். 925 சதுர கிலோமீட்டர் காட்டில் இருப்பவை சில பத்துப் புலிகள். பகலில் அவை பெரும்பாலும் நிழலில் படுத்துக் கிடக்கும். வட இந்தியாவின் காய்ந்த காடுகளைப் போல இங்கே தூரம் வரை கண்ணுக்குத் தெரியாது. பசுமை மாறாக் காட்டில் இருபது அடி தள்ளி நிற்கும் யானையே கண்ணுக்குத் தப்பிவிடும்.

அதனால் இங்கே முதலில் வேலை செய்வது காதுதான். மரத்தின் உச்சியிலிருந்து ‘ஹூ ஹூ’ என்று அடிவயிற்றிலிருந்து எழுப்பும் குரல் கருமந்தியுடையது. அது சும்மா கூப்பிடுவதற்கும், கீழே சிறுத்தையைப் பார்த்துவிட்டு எச்சரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கடமான் ஆபத்தை உணர்ந்தால் ஒற்றை ஒலியாக உரக்கக் கத்தும். இந்த எச்சரிக்கைகளைக் கேட்டுத்தான் வழிகாட்டிகள் கண்ணுக்குத் தெரியாத விலங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்கிறார்கள்.

இந்தக் கருமந்தி இன்று தைரியமாகக் கிளை தாவுவதற்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. ‘கருங்குரங்கு லேகியம்’ என்று ஒருகாலத்தில் ஊர் ஊராக விற்றார்கள். உடம்புக்கு வலு வரும், ஆஸ்துமா போகும் என்ற நம்பிக்கை. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த லேகியத்துக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இனம் ஏராளமாக வேட்டையாடப்பட்டது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது.

திடீரென்று தலைக்கு மேல் ‘வுஷ், வுஷ்’ என்று ஒரு சத்தம். ரயில் இன்ஜின் மூச்சுவிடுவது போல. பெரிய இருவாச்சி பறந்து போகிறது. கேரளத்தின் மாநிலப் பறவை. கணவர் கேமராவைத் தூக்குவதற்குள் அது மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. “விடு, அடுத்தது வரும்” என்கிறார் மனைவி. அவர் தலை நிமிர்ந்து முழுசாகப் பார்த்திருந்தார்.

ஏரிக்குள் நிற்கும் பட்ட மரங்கள்

மரக்கூட்டம் விலகியதும் ஏரி. வளைந்து வளைந்து காட்டுக்குள் நுழைந்திருக்கும் நீர்க்கைகள். தண்ணீருக்கு நடுவே கறுத்துப்போன மரக்கட்டைகள் நட்டுவைத்த கம்பங்கள்போல நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

இது இயற்கையான ஏரி இல்லை. முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம். பென்னி குயிக் தலைமையில் கட்டிய அந்த அணை 1895இல் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியபோது, அங்கே நின்ற மரங்கள் அப்படியே மூழ்கின. அந்த மரங்களின் எச்சம்தான் இவை. 125 ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரிலேயே நின்றும் முழுக்க மக்கிப்போகவில்லை. பறவைகளுக்கு அதுவே கூடு கட்டும் இடமாகிவிட்டது. மரக்கட்டையைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் கூட்டைத் தேடி வரும் எதிரிகள் குறைவு.

மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாகக் கிழக்கே திருப்புவதுதான் திட்டம். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அங்கிருந்து வைகையில் சேர்ந்து மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது.

மனைவி கரையில் குந்தி, தண்ணீரைக் கையால் அள்ளிப் பார்க்கிறார். “எங்க வயலுக்கு வர்ற தண்ணி இதுதான். பேப்பர்ல தினம் அணை நீர்மட்டம் எத்தனை அடின்னு தாத்தா சத்தமா படிப்பாரு. இப்பத்தான் நேர்ல பார்க்குறேன்.”

அணையில் சுவரும் மதகும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் சுற்றியுள்ள காடு. மழை நேரடியாக மண்ணில் அடித்து அரிக்காமல் தடுப்பதும், பெய்த மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகள் வழியே மெதுவாக விடுவதும் காட்டின் வேலை. காடு மொட்டையானால் மழை வெள்ளமாகப் பாய்ந்து, மண்ணையும் கொண்டுவந்து ஏரியில் நிரப்பும். அந்த வகையில் பார்த்தால், தேக்கடியின் மரங்கள் நிற்கின்றனவா என்பது சின்னமனூர் விவசாயிக்கும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

பட்டை உரித்த கை

மதியச் சாப்பாடு கரையோர நிழலில். பொட்டலத்தைப் பிரித்தபடியே பேச்சு வளர்கிறது. வழிகாட்டி ஒரு மரத்தின் இலையைக் கிள்ளி மோந்து பார்க்கக் கொடுக்கிறார். பிரியாணி வாசம். காட்டு இலவங்க மரம். மலையாளத்தில் ‘வயணா’ என்கிறார்கள்.

“இந்த மரத்த எத்தனை உரிச்சிருப்பேன்னு எனக்கே கணக்குத் தெரியாது” என்கிறார் சாதாரணமாக. கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

1990கள் வரை பெரியாற்றுக் காட்டில் இது பெரிய தொழில். இலவங்கப் பட்டைக்கு மாற்றாக விற்க, காட்டு மரத்தின் பட்டையை உரித்து இரவோடு இரவாகச் சுமந்து வருவார்கள். சுற்றிலும் பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். வாரக்கணக்கில் காட்டுக்குள் தங்கும்போது சாப்பாட்டுக்கு மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடப்பட்டன. வனத்துறை பிடிக்கும், வழக்குப் போடும், ஜாமீனில் வருவார்கள். வக்கீலுக்குக் கொடுக்க மறுபடியும் பட்டை உரிக்கப் போவார்கள். லாபம் பார்த்தவர்கள் வியாபாரிகள். சுமந்தவர்களுக்குக் கூலியும் கேசும்தான்.

1990களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பட்டை உரித்துவந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் வனத்துறை ஒரு யோசனையை முன்வைத்தது. தொழிலை விட்டுவிட்டால் வழக்குகளிலிருந்து விடுபட வழி செய்யப்படும். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததே புதிய வேலைக்கு முதலீடாகும். அவர்கள் சேர்ந்து ஒரு குழுவானார்கள். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போவதும், அதே நேரத்தில் ரோந்து பார்ப்பதும் அவர்களின் வேலையாயின. ‘பெரியாறு டைகர் டிரெயில்’ என்ற மலையேற்றம் இப்படித்தான் பிறந்தது.

யோசித்துப் பாருங்கள். எந்த ஓடையில் கண்ணி வைப்பார்கள், எந்தப் பாறை மறைவில் இரவு தங்குவார்கள், சரக்கு எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் இவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? இவர்கள் தந்த தகவலால் வேறு பல கடத்தல்காரர்களும் பிடிபட்டார்கள்.

இவர்கள் மட்டும் இல்லை. மன்னான், பளியர் பழங்குடியினர் குழுக்களும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். இரு சமூகங்களும் ஒருகாலத்தில் இந்தக் காட்டுக்குள் குடியிருந்து, பின்னர் வெளிப்புறத்துக்கு இடம் மாற்றப்பட்டவர்கள். மன்னான் மக்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். காட்டை ஒட்டிய குடியிருப்புப் பெண்கள் 2002இல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல் முறைவைத்து ரோந்து போகத் தொடங்கினார்கள். வீட்டு வேலை முடித்துவிட்டு, கையில் கம்போடு சேலைக்கு மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகும் பெண்கள்.

“பயமா இல்லையாண்ணே, பழைய ஆளுங்க பகைச்சுக்க மாட்டாங்களா?” என்று மனைவி கேட்கிறார்.

“பகைச்சாங்க. சொந்தக்காரனே பேசாம இருந்தான். ஆனா எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல அப்பா என்ன வேலைன்னு கேட்டா, இப்ப பதில் சொல்ல முடியுது.”

கேமராவைத் தாழ்த்திய நேரம்

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். ஓடையைத் தாண்டிப் புல்வெளியில் கால் வைக்கும்போது வழிகாட்டியின் கை மேலே போகிறது. எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள்.

எதிர்க்கரை மூங்கில் புதரில் ‘சடக்’ என்று ஒரு கிளை ஒடியும் சத்தம். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைகிறது. பிறகு ஒரு காது. பிறகு இன்னொன்று. யானைக் கூட்டம். நான்கு, ஐந்து. கால்களுக்கு நடுவே ஒரு குட்டி.

வழிகாட்டி குனிந்து கொஞ்சம் காய்ந்த மண்ணை எடுத்து விரல் இடுக்கில் விடுகிறார். மண் துகள் யானைகள் இருக்கும் பக்கமாகப் பறக்கிறது. காற்று நம்மிடமிருந்து அவற்றை நோக்கி வீசுகிறது. யானைக்குப் பார்வை சுமார்தான், மோப்பம் அபாரம். இன்னும் சில நொடிகளில் நம் வாடை எட்டிவிடும். குட்டி இருக்கும் கூட்டம் யோசித்துக்கொண்டு நிற்காது.

கணவரின் கண் கேமராவில். தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிக்கும் தாய் யானை, முழு வெளிச்சத்தில், சரியான இடத்தில். இன்னும் இரண்டு அடி முன்னால் போனால் குட்டியும் படத்தில் வந்துவிடும். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்துகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேமரா கீழே இறங்குகிறது.

வந்த வழியே பின்வாங்கல். ஓடவில்லை. திரும்பிப் பார்க்காமல், சத்தமில்லாமல், மரங்களுக்கு நடுவே சுற்றி வேறு வழி. கால் மணி நேரம் கழித்து, மேட்டுப் பாறையொன்றின் மேலிருந்து அதே கூட்டத்தைப் பார்க்க முடிந்தது. இப்போது காற்று நம் பக்கம் வீசுகிறது. அவை நிதானமாகப் புல் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதறித் தின்றுகொண்டிருந்தன.

அந்தக் கூட்டத்தில் தந்தமுள்ள யானை ஒன்றுகூட இல்லை. அது தற்செயல்தான். வளர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்துதான் திரியும். ஆனால் பெரியாற்றில் தந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம் வளரும். அதனால் தந்த வேட்டையில் சாவதும் ஆண்களே. 1980களின் இறுதியில் இங்கே கணக்கெடுத்தபோது, வளர்ந்த ஒரு ஆண் யானைக்கு நூறுக்கும் அதிகமான பெண் யானைகள் என்ற நிலை இருந்தது. கூட்டம் கூட்டமாகப் பெண் யானைகளைப் பார்க்கும் பயணிக்குக் காடு செழிப்பாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் குட்டிகள் குறைந்துபோகும், மரபு வளம் சுருங்கும். யானை நிதானமாக இனப்பெருக்கம் செய்யும் விலங்கு. சில ஆண்டுகளில் நடந்த வேட்டையின் பாதிப்பு சரியாகப் பல தலைமுறை ஆகும்.

இந்தப் பின்னணியில்தான் பட்டை உரித்தவர்கள் ரோந்துக்காரர்கள் ஆனதன் மதிப்பு தெரியும். கண்ணியும் துப்பாக்கியும் வரும் வழியில் ஆள் நடமாட்டம் இருந்தாலே பாதி வேட்டை தடைபடும்.

தெப்பத்தில் திரும்பும் வழி

மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் கரையில் காத்திருக்கிறது. உயிர்காப்பு மேலங்கி மாட்டாதவர் ஏற முடியாது. இந்த விதிக்குப் பின்னாலும் வலி இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள்.

இன்ஜின் சத்தம் இல்லை. துடுப்பு தண்ணீரில் படும் ‘களக்’ மட்டும். பட்ட மரம் ஒன்றின் அருகே ஐந்தாறு தலைகள் மேலே வந்து எட்டிப் பார்க்கின்றன. நீர்நாய்கள். ஒன்று பிடித்த மீனை முன்னங்கால்களில் பிடித்து, ஐஸ்கிரீம் சாப்பிடுவதுபோலக் கடித்துத் தின்கிறது. இந்த முறை கணவருக்குப் படம் கிடைத்தது. ஆனால் இரண்டு படம் எடுத்துவிட்டு கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். தெப்பம் அசையாமல் மிதக்க, எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பணம் எங்கே போகிறது, பிரச்சினை எங்கே இருக்கிறது?

தேக்கடியில் உள்ளூர் மக்கள் சூழல் மேம்பாட்டுக் குழுக்களாக அமைக்கப்பட்டிருக்கிறார்கள். எந்தப் பயணத்தை எந்தக் குழு நடத்துவது என்று பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளது. பயணக் கட்டணத்திலிருந்து வழிகாட்டிகளின் ஊதியமும் குழுவின் நிதியும் வருகின்றன. வெளிநாட்டு நிதி வந்த திட்டம் 2004இல் முடிந்தபோது, வேலை நின்றுபோகாமல் இருக்க ‘பெரியாறு ஃபவுண்டேஷன்’ அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. சுற்றுலாவை நம்பிய பிழைப்பு சுற்றுலா நின்றால் நின்றுவிடும். 2018 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் காடு மூடப்பட்டபோது வழிகாட்டிகளின் வருமானமும் மூடிக்கொண்டது. பழைய குழுவினருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கண்டுபிடிக்கும் தடயங்களை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளுமா என்பது இன்னொரு கேள்வி. கூட்டம் அதிகமானால் வருமானம் கூடும், காட்டுக்கு அமைதி குறையும். ஒரு நடைக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு இந்த இரண்டுக்கும் நடுவே போட்ட கோடு. பண்டிகை நாளில் “இன்னும் ரெண்டு பேர சேத்துக்கோங்க சார்” என்று கெஞ்சும் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டைத்தான் நகர்த்தப் பார்க்கிறார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால்

எப்போது: ஆகஸ்டுக்குப் பின் பிப்ரவரி வரை காடு பச்சையாக இருக்கும், அட்டையும் இருக்கும். மார்ச் முதல் மே வரை வெயில் அதிகம். ஆனால் ஏரியில் நீர் இறங்கிக் கரையோரப் புல் வெளிப்படுவதால் விலங்குகள் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். கார்த்திகை, மார்கழி ஐயப்ப சீசனில் குமுளியில் வாகன நெரிசல் கடுமையாக இருக்கும். தங்குமிடத்தை முன்பே உறுதி செய்யுங்கள்.

பதிவு: முழுநாள் நடைக்கு இடம் குறைவு. காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலோ தேக்கடி சூழல் சுற்றுலா மையத்திலோ மட்டும் பதிவு செய்யுங்கள். கட்டணமும் வயது வரம்பும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் “காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்” என்பவர்களைத் தவிருங்கள்.

வாகனம்: சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது. ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு அங்கிருந்து வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும்.

எடுத்துப் போக: பச்சை, பழுப்பு நிற முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள ஷூ, தொப்பி, தண்ணீர், பைனாகுலர். நெகிழிப் பையை விட்டுவிட்டுப் போங்கள்.

அட்டை கடித்தால்: பதற்றம் வேண்டாம். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் சிறிது நேரம் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

வயதான பெற்றோருடன் போகிறீர்களா? முழுநாள் நடை வேண்டாம். மூன்று மணி நேரக் காட்டு நடையோ படகுப் பயணமோ போதும்.

மலை இறங்கும்போது

மாலை ஆறு மணி. குமுளியிலிருந்து கம்பம் இறங்கும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. கேமராத் திரையில் கணவர் படங்களைத் தள்ளிப் பார்க்கிறார். புலி இல்லை. யானை தூரத்தில், சின்னதாக. நீர்நாய் இரண்டு. மங்கலாக ஒரு மரம். அதன் பட்டையில் கீறல்கள். அந்தப் படத்தை மட்டும் அவர் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார்.

வளைவில் பேருந்து திரும்பியதும் மனைவி அவர் தோளைத் தட்டி வெளியே காட்டுகிறார். மலைச்சரிவில் மேலிருந்து கீழாகப் பெரிய இரும்புக் குழாய்கள். சுரங்கத்தைத் தாண்டி வரும் ஏரித் தண்ணீர், லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் வழி. அதற்கும் கீழே, மங்கிய வெளிச்சத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள்.

“அம்மாவுக்கு போன் பண்ணு. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவோம்னு சொல்லு” என்கிறார் கணவர்.

“சொல்லிட்டேன். புலி பார்த்தீங்களான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அது எங்களப் பார்த்துச்சுன்னு சொன்னேன்.”